காலை எடுப்பதற்கு முன்: அப்பாவின் பைபாஸ், ஃபிளாப் அனுபவம்

அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. குதிகால் புண் கறுத்து எலும்பு தெரிய ஆரம்பித்ததும், முதலில் பார்த்த மருத்துவர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். சீழ் உடம்பில் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் அது வேறு விஷயம். இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

நாங்கள் காட்டியவர் கணுக்காலில் அழுத்தம் பார்த்தார். சரியாக இருப்பதுபோல்தான் வந்தது, ஆனால் அவர் அதை நம்பவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து விறைத்துவிடுவதால், பட்டையை இறுக்கினாலும் குழாய் அமுங்காதாம். அளவு பொய்யாக உயருமாம். கால் பெருவிரலில் அழுத்தத்தை அளந்தபோது 30 மி.மீ. பாதரசத்துக்கும் கீழே. அந்த அளவில் புண் தானாக ஆறுவது அரிது. ஆஞ்சியோவில் முழங்கால் வரை ரத்தம் வந்தது, அதற்குக் கீழே எல்லாக் குழாயிலும் அடைப்பு. ஆனால் கணுக்காலின் உள்பக்கமாகப் பாதத்துக்குப் போகும் தமனி அங்கே மறுபடி திறந்திருந்தது. அதை வைத்துத்தான் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

அப்பாவின் தொடையிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, முழங்கால் தமனியிலிருந்து கணுக்கால் வரை இணைப்பது திட்டம். காலில் இந்தச் சிரை பைபாஸை 1948-ல் பாரிஸில் ழான் குன்லின் என்ற மருத்துவர் செய்திருக்கிறார். இதைச் சொன்ன பிறகுதான், ஏதோ புதுச் சோதனை என்று பயந்திருந்த அம்மா சமாதானமானார்.

ஆனால் ரத்தம் வந்தால் மட்டும் போதாது. திறந்து கிடக்கும் எலும்பின் மேல் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது. அதனால் பிளாஸ்டிக் சர்ஜன் மற்றத் தொடையிலிருந்து தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக்குழாயோடு எடுத்து (இதைத்தான் ஃபிளாப் என்கிறார்கள்), குதிகாலில் வைத்து, அந்தக் குழாயைப் புது பைபாஸிலேயே இணைத்தார். முடியைவிட மெல்லிய நூலில், மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கும் வேலை. காலையில் உள்ளே போன அப்பா இரவில்தான் வெளியே வந்தார்.

எங்களுக்கு அதைவிடக் கஷ்டம் அடுத்த சில நாட்கள்தான். மணிக்கொரு முறை நர்ஸ் வந்து ஃபிளாப்பின் நிறம், சூடு பார்த்து, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியில் துடிப்பைக் கேட்பார். வெளுத்தால் ரத்தம் உள்ளே வரவில்லை; நீலம் பாரித்து வீங்கினால் வெளியே போகவில்லை. எதுவானாலும் உடனே தியேட்டருக்குப் போக வேண்டும். இரண்டாம் இரவு ஓரம் கொஞ்சம் கருநீலமானபோது, பிளாஸ்டிக் சர்ஜன் நடுராத்திரியில் வந்து பார்த்து, கட்டைத் தளர்த்தி, நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் தெரியவில்லை.

காலைத் தொங்கவிடுவதைக்கூட ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லத்தான் கூட்டினார்கள். நடை அதற்கும் வெகு நாள் கழித்து. அப்பா பீடியை அன்றோடு விட்டார். புகை அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

இப்போது பிரத்யேகச் செருப்போடு கடைத்தெரு வரை போய் வருகிறார். புதுக் குதிகாலில் உணர்ச்சி கிடையாது, முள் குத்தினாலும் தெரியாது. அதனால் தினமும் இரவில் அம்மா டார்ச் அடித்துப் பார்க்கிறார். பைபாஸ் எங்காவது சுருங்குகிறதா என்று டாப்ளர் ஸ்கேனும் அவ்வப்போது எடுக்கிறோம். முழுக்க அடைபடுவதற்குள் கண்டுபிடித்தால் பலூன் வைத்தே சரிசெய்ய வாய்ப்பு உண்டாம்.