விளக்கெண்ணெயும் பழைய பாட்டிலும்: கெட்டி ஃபோம் செய்து பார்த்தது

முதல் கோப்பையில் ஃபோம் அழகாகத்தான் எழும்பியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், காற்றுப்போன பந்து மாதிரி பக்கங்கள் உள்வாங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கியது, மெதுவாகத் திரும்பி வந்தது. எனக்குத் தேவை ஒரு சின்னக் குளிர்பெட்டியின் சுவருக்குள் அடைக்கக் கெட்டியான ஃபோம். கையில் இருந்தது பஞ்சு.

அந்தக் கலவை இதுதான்: விளக்கெண்ணெய் 100 கிராம், தண்ணீர் 2 கிராம், பாலிமெரிக் எம்டிஐ (எண்ணெயை இறுகவைக்கும் திரவம்) 73 கிராம், குமிழிகள் உடையாமல் பிடித்துவைக்கக் கொஞ்சம் சிலிகான் சர்ஃபாக்டன்ட், வினையை வேகப்படுத்த அமீன் வினையூக்கி சில சொட்டு. எம்டிஐயில் உள்ள ஐசோசயனேட், எண்ணெயின் ஹைட்ராக்சிலோடு (OH தொகுதி) சேர்ந்தால் பாலியூரித்தேன், அதாவது ஃபோமின் பிளாஸ்டிக். தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதுதான் நுரை எழுப்புகிறது. மற்ற தாவர எண்ணெய்கள் பெரும்பாலானவற்றில் ஹைட்ராக்சில் கிடையாது. சோயா எண்ணெய் என்றால் முதலில் எபாக்சைடு என்ற ஆக்சிஜன் வளையத்தை அதில் உண்டாக்கி, பிறகு அந்த வளையத்தைத் திறக்க வேண்டும். விளக்கெண்ணெயில் ஹைட்ராக்சிலோடு கூடிய ரிசினோலெயிக் அமிலம் இருப்பதால் அந்த வேலை மிச்சம். ஆளைத் திட்ட ‘விளக்கெண்ணெய்’ என்பார்களே, அது வேதியியலிலும் கொஞ்சம் பொருந்துகிறது: அதன் ஹைட்ராக்சில் இரண்டாம் நிலை வகை, மந்தமாகத்தான் வினைபுரியும்.

சுருங்கியதற்குக் காரணம் மந்தம் இல்லை. விளக்கெண்ணெயின் ஹைட்ராக்சில் எண் (எவ்வளவு ஹைட்ராக்சில் இருக்கிறது என்பதன் அளவு) சுமார் 160. கெட்டி ஃபோமுக்கு 350, 400 என்று வேண்டும். ஹைட்ராக்சில் குறைந்தால் பிணைப்புகளும் குறையும், செல்லின் (நுரையின் சின்னக் குமிழியின்) சுவர் தளர்வாக இருக்கும். மூடிய செல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும், காற்று மெதுவாகத்தான் உள்ளே வரும். நடுவில் உள்ளழுத்தம் குறையும்போது தளர்ந்த சுவர் தாங்காது.

சரி, ஹைட்ராக்சிலைக் கூட்டினால் போதும் என்று கிளிசரின் ஊற்றினேன். கலக்கக் கலக்கப் பால் மாதிரி வெளுத்தது. அது கலப்பதல்ல, சிதறுவது என்று அப்போது உறைக்கவில்லை. எழும்பிய ஃபோமில் ஒரு பக்கம் சுட்ட ஓடு மாதிரி நொறுங்கியது, இன்னொரு பக்கம் இரண்டு நாள் ஆகியும் கையில் ஒட்டியது.

அப்புறம்தான் பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களிடம் போனேன். அவற்றின் மூலக்கூறுச் சங்கிலியில் பென்சீன் வளையம் இருக்கிறது, விறைப்பு அங்கிருந்து கிடைக்கும். கிளைக்கால் அந்தச் சங்கிலியை ஹைட்ராக்சில் முனையுள்ள சின்னத் துண்டுகளாக வெட்டிவிடும். பாட்டிலைத் துண்டுகளாக்கித் தண்ணீரில் போட்டால் பெட் மூழ்கும். மூடித் துண்டுகள் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். காயவைத்த துண்டு 100 கிராம், டைஎத்திலீன் கிளைக்கால் 100 கிராம், வினையூக்கியாகத் துத்தநாக அசிடேட் அரை கிராம். மேலே குளிர்விப்பான் பொருத்திய குடுவையில், 200 டிகிரி செல்சியஸில் கலக்கிக்கொண்டே நான்கு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், பிறகு துண்டுகள் ஓரத்தில் கரைந்து காணாமல் போகும். கடைசியில் தேன் நிறக் குழம்பு. கிளைக்காலை மாற்றி எத்திலீன் கிளைக்கால் போட்டிருந்தால், ஆறியதும் படிகமாக உறைந்து தொல்லை கொடுத்திருக்கும்.

இந்தக் குழம்பு 60, விளக்கெண்ணெய் 40 என்று கலந்து வைத்தேன். விடிந்தால் இரண்டு அடுக்கு. கிளிசரின் கதையே மறுபடியும்! அன்றைக்குச் சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன்.

இரண்டையும் ஒரே குடுவையில் போட்டு மறுபடி 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்ததுதான் திருப்பம். துத்தநாக அசிடேட் உள்ளேயே இருந்ததால் எண்ணெயிலும் குழம்பிலும் உள்ள எஸ்டர் இணைப்புகள் இடம் மாறிக்கொண்டன. கண்ணாடியில் விட்ட சொட்டு ஆறிய பிறகும் தெளிவாகவே நின்றது. எஸ்டர் மாறும்போது ஒரு ஹைட்ராக்சில் போனால் இன்னொன்று வருகிறது, அதனால் கணக்கைத் திருத்தத் தேவையில்லை: ஹைட்ராக்சில் எண் 380ஐ ஒட்டி. நாலு வாரம் நான் வினையூக்கியையும் சர்ஃபாக்டன்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது வீண். கிளிசரினுக்குப் பிறகு வந்த கோளாறு எல்லாம் பாலியால் (polyol, ஹைட்ராக்சில் தரும் எண்ணெய்க் கலவை) ஒரே திரவமாக இல்லாததில் இருந்தது.

இப்போதைய கலவை: பாலியால் 100, தண்ணீர் 3, எம்டிஐ 151. இருபது வினாடியில் க்ரீம் டைம் (கலவை வெளுத்து எழத் தொடங்கும் நேரம்), ஒன்றரை நிமிடத்தில் எழும்பி முடிகிறது. ஐந்து சென்டிமீட்டர் கனசதுரமாக அறுத்து எடை போட்டேன்: 7 கிராம். அதாவது கன மீட்டருக்கு 56 கிலோ. பத்து நாள் ஆகியும் அளவு மாறவில்லை.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். கழிவு எம்டிஐ இருந்த பாட்டிலை இறுக மூடி வைத்தேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, பாட்டில் உப்பி நின்றது. வெடிக்காமல் போனது என் அதிர்ஷ்டம். இப்போது கழிவை மூடியைத் தளர்த்தித் திறந்தவெளியில்தான் வைக்கிறேன். ஐசோசயனேட் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும். ஆவி வடிகட்டும் முகமூடி, நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் மூன்றும் இல்லாமல் நான் டப்பாவைத் திறப்பதில்லை.

மிச்சமிருக்கும் குறை, கனசதுரத்தின் ஓரங்கள் விரலில் மாவாக உதிர்கின்றன. அடுத்த கோப்பைக்குத் தண்ணீரை இரண்டாகக் குறைத்து, அச்சை 40 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றப் போகிறேன்.