அரபி நாவல் தாள்: பதினைந்துக்கு ஐந்து வாங்கிய கேள்வி

முதுகலை அரபியில் நவீனப் புனைகதைத் தாளுக்கு மாதிரித் தேர்வு வைத்தார்கள். ‘நாவல்களில் சமய அடையாளம்’, பதினைந்து மதிப்பெண். நான்கு பக்கம் எழுதி ஐந்துதான் வாங்கினேன். எகிப்து எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழின் ‘அவ்லாது ஹாரத்தினா’ நாவல் 1959இல் அல்-அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்தது, எதிர்ப்புக் கிளம்பியது, 1967இல் பெய்ரூத்தில் நூலானது, 1994இல் அவரைக் கத்தியால் குத்தினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் கேட்டிருந்தார்: “இது செய்தி. கதைக்குள்ளே என்ன நடக்கிறது?”

அப்புறம் நாவலுக்குள்ளே வருகிற ஏதாவது ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு படித்தேன். யஹ்யா ஹக்கீயின் ‘கின்தீல் உம்மு ஹாஷிம்’ கதையில் அது விளக்கெண்ணெய். நம்மூர் ஆமணக்கு இல்லை, கெய்ரோவின் ஸய்யிதா ஸைனப் பள்ளிவாசல் விளக்கில் எரிகிற எண்ணெய். இங்கிலாந்தில் கண் மருத்துவம் படித்துத் திரும்பிய இஸ்மாயீல், தனக்கு நிச்சயித்த ஃபாத்திமாவின் கண்ணில் அந்த எண்ணெயைத் தன் அம்மா விடுவதைப் பார்த்துக் கொதித்துப் போய் விளக்கையே உடைக்கிறான். பலரும் இதோடு நிறுத்தி, அறிவியலா மதமா என்று பட்டிமன்றம் வைத்துவிடுவார்கள். ஆனால் அவன் வைத்தியத்தில்தான் அவள் பார்வை முழுக்கப் போகிறது. கடைசியில் அதே எண்ணெயை அவனே கேட்டு வாங்கி வந்து, வைத்தியத்தையும் விடாமல் தொடர்கிறான். விடையை இங்கிருந்து தொடங்குங்கள்.

பஹா தாஹிரின் ‘காலத்தீ ஸஃபிய்யா வத்தைர்’ நாவலில் எனக்கு அகப்பட்டது பெருநாள் கஹ்க். மேல் எகிப்துக் கிராமத்து முஸ்லிம் பையன் அந்தப் பலகாரப் பெட்டியைக் கிறிஸ்தவ மடத்துக்குக் கொண்டுபோகிறான். பிற்பாடு பழிக்குப் பழி என்று துரத்தப்படும் ஹர்பிக்கு அதே மடம்தான் அடைக்கலம். பெட்டியைக் காட்டினால் போதும், ‘நல்லிணக்கம்’ என்று எழுதவே தேவையில்லை.

பக்தாத் கிறிஸ்தவர்களைப் பற்றிய ஸினான் அன்தூனின் ‘யா மர்யம்’ நாவலைப் படிக்கும்போது பேச்சைக் கவனியுங்கள். ‘நான் சொன்னேன்’ என்பதற்குப் பக்தாத் முஸ்லிம்கள் ‘கெலெத்’ என்பார்கள். அங்கே பழைய தலைமுறைக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் ‘கெல்து’ என்பார்கள். வாயைத் திறந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். இதற்கு அகராதி உதவாது, சத்தமாக வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும். முதல் வரியிலேயே இளம்பெண் மஹா, கடந்த காலத்தில் வாழ்கிறீர்கள் என்று முதியவர் யூசுஃபிடம் சண்டைக்கு நிற்கிறாள். பக்தாதில் 2010இல் நடந்த தேவாலயத் தாக்குதல் வரை போகும் கதை.

யூசுஃப் ஸைதானின் ‘அஸாஸீல்’ நாவல் எகிப்தின் கோப்திக் கிறிஸ்தவத் திருச்சபையோடு கிளப்பிய சர்ச்சைக்கு ஒரு வரி போதும். துறவி ஹைபாவின் சந்தேகங்களுக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

இறுதித் தேர்வில் அதே கேள்வி கொஞ்சம் வேஷம் மாறி வந்தது. நான் கஹ்க் பெட்டியில் தொடங்கினேன். கத்திக்குத்துக்கு அரை வரிதான்.