டாக்காவுல தம்பி, வண்ணாரப்பேட்டையில நாங்க

16 ஜூலை 2024, செவ்வாய்

நைட்டு தம்பி கூப்டான். அவன் பங்களாதேஷ்ல, டாக்கா பக்கத்துல காஜிபூர்ல ஒரு நிட்டிங் கம்பெனியில டையிங் செக்‌ஷன் பாத்துக்குறான், தங்கியிருக்குறது டாக்கா உத்தராவுல, கூட திருப்பூர் பசங்க ரெண்டு பேரு. இன்னிக்கு ஸ்டூடண்ட்ஸ் போராட்டத்துல ஆறு பேரு செத்துட்டாங்க. ரங்பூர்ல கைய விரிச்சிக்கினு தனியா நின்ன பையன போலீஸ் சுட்டத வீடியோவுல பாத்தேன், அப்பறம் சோறு எறங்கல. 1971 சுதந்திரப் போர்ல சண்ட போட்டவங்க குடும்பத்துக்கு கவர்மெண்ட் வேலையில 30 சதவீதம் கோட்டா, 2018-ல எடுத்தத போன மாசம் ஹைகோர்ட்டு திரும்ப கொண்டாந்துருச்சு, அதான் வெவகாரம். பசங்க கேக்குறது நியாயம்தான்க்கான்னான் தம்பி. எனக்கும் அப்டிதான் தோணுது. ஆனா நீ அங்க வேலை பாக்க போனவன், கூட்டத்துல நிக்காத, வீடியோ எடுக்காத, ஃபேஸ்புக்ல எந்தப் பக்கமும் எழுதாதன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். கூட்டத்துல மாட்டுனா உள்ளூர் பையனுக்கு ஜாமீன் எடுக்க அப்பன் ஆத்தா இருப்பாங்க, இவனுக்கு யாரு இருக்கா?

18 ஜூலை, வியாழன்

டாக்காவுல இருக்குற நம்ம தூதரகம், அதான் ஹைகமிஷன், அறிவிப்பு போட்டுட்டாங்க, இந்தியர்கள் தேவையில்லாம வெளிய போகாதீங்க, பயணம் வேணாம்னு. உத்தராவுலயே இன்னிக்கு துப்பாக்கிச் சூடு. மொபைல் நெட்டு போச்சு, வூட்டு வைஃபை மட்டும் இருந்துச்சு, அதுவும் எப்ப வேணா போகும்னு தெரிஞ்சுதான் சாயங்காலமே கூப்ட்டு பேசுனோம்.

நான் பாரிஸ் கார்னர்ல ஃபார்வர்டிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், கப்பல் சரக்குன்னா பேப்பர்தான் எல்லாம், அந்தப் பழக்கத்துல சொன்னேன், ஹைகமிஷன் எமர்ஜென்சி நம்பரு, கம்பெனி மேனேஜர் நம்பரு, நம்ம வூட்டு நம்பரு எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் கூடவே வை, போன் சார்ஜ் போனா நம்பரும் சேந்து போயிடும்டான்னு. பாஸ்போர்ட், விசா, ஒர்க் பர்மிட் மூணுத்தையும் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பிட்டான், நான் பிரிண்ட் எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். தெனம் நைட்டு நம்ம டைம் ஒம்பது மணிக்கு ஒரு மிஸ்டு கால், அவங்களுக்கு அப்ப ஒம்பதரை. ரிங்கு வந்தா நல்லாருக்கான், எடுக்க வேணாம். தொடர்ந்து ரெண்டு ரிங்கு வந்தா நான் ஹைகமிஷனுக்கு போன் போடணும்.

நைட்டு வைஃபையும் போச்சு. நாடு முழுக்க நெட்டு கட்டு.

19 ஜூலை, ஆடி மொத வெள்ளி

அம்மா கோயிலுக்கு போயிட்டு வந்ததுலருந்து டிவி முன்னாடியே உக்காந்துக்கினு "கெளம்பி வர சொல்லு, இப்பவே வர சொல்லு"ன்னு அழுவுது. டிவியில எரியுற பில்டிங்க திரும்ப திரும்ப காட்றான், நேத்து டாக்காவுல கவர்மெண்ட் டிவி ஆபீஸ கொளுத்துனது அது. அம்மாவ தப்பு சொல்ல முடியாது. ஆனா உத்தராவுலருந்து ஏர்போர்ட்டு கிட்டதான், அந்தக் கிட்ட இருக்குற ரோட்லதான் கலாட்டாவே நடக்குது. வூட்ல கதவ சாத்திக்கினு இருக்குறவன நாமளே போன் பண்ணி அந்த ரோட்டுக்கு தள்ளுறது எப்டி சரியாவும்? தூரத்துல இருந்து பயப்படுறவங்க சொல்லி கெளம்பக்கூடாது, தெருவ கண்ணால பாக்குறவன் சொல்லணும். இதுல நான் உறுதியா இருக்கேன், அம்மாவுக்கு கோவம்தான்.

போதாததுக்கு இன்னிக்கு மைக்ரோசாஃப்ட் சிஸ்டம் ஒலகம் முழுக்க படுத்துருச்சு, ஏர்போர்ட்ல எல்லாம் கையால போர்டிங் பாஸ் எழுதி குடுக்குறாங்களாம். வெளியுறவுத்துறை சொல்றாங்க, அங்க இந்தியர்கள் 15,000 பேரு, அதுல ஸ்டூடண்ட்ஸ் 8,500, எல்லாரும் பத்திரமாம்.

ஒம்பது அடிச்சும் ரிங்கு வரல. ஒம்பதே காலுக்கு வந்துச்சு. ஒத்த ரிங்கு.

20 ஜூலை, சனி

நேத்து நடுராத்திரியிலருந்து கர்ஃப்யூ, ஆர்மி எறங்கிருச்சு. மத்தியானம் ரெண்டு மணி நேரம் தளர்த்துனாங்கன்னு நியூஸ்ல சொன்னான்.

வியாசர்பாடியில இருக்குற எங்க ஆயா வந்துச்சு. ரங்கூன்லருந்து 1964-ல கப்பல்ல வந்த குடும்பம். அம்மா அழுவுறத பாத்துட்டு ஆயா சத்தம் போட்டுச்சு, "இன்னாடி, புள்ள வூட்டுக்குள்ளதான கீறான், வுடு"ன்னு. அப்பறம் அந்தக் காலத்த எடுத்துச்சு. கடைங்கள எல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சு, அந்த மே மாசம் அந்த ஊரு அம்பது ரூபா நோட்டும் நூறு ரூபா நோட்டும் செல்லாதுன்னுட்டான், எங்க நைனா மூட்ட கட்டி வெச்ச துட்டு ஒரே நாள்ல காயிதம் ஆயிருச்சு, அப்பவும் கூட்டம் ஓடுற பக்கம் ஓடாம பேரு எழுதி கப்பலுக்கு நின்னோம், அதான் எல்லாரும் முழுசா வந்து சேந்தோம்னுச்சு. ஆயாவுக்கு எழுத படிக்க தெரியாது. அது சொன்னதுல பாதி நம்ம ஹைகமிஷன் அறிவிப்புல அப்டியே இருக்கு.

22 ஜூலை, திங்கள்

நேத்து சுப்ரீம் கோர்ட்டு கோட்டாவ கொறச்சுருச்சு, 93 சதவீதம் மெரிட்டாம். கொஞ்சம் அடங்கும்னு எல்லாரும் சொல்றாங்க.

ஆபீஸ்ல எங்க சிட்டகாங் சரக்கு அப்டியே நிக்குது, நெட்டு இல்லாததால கஸ்டம்ஸ் சிஸ்டமே ஓடல. ஸ்டூடண்ட்ஸ் 4,500 பேருக்கு மேல இந்தியா வந்துட்டாங்க, நெறைய பேரு பஸ்ல பார்டர் தாண்டி. தமிழ்நாட்டு புள்ளைங்களும் வந்துக்கினு இருக்காங்க. அம்மா உடனே "பாத்தியா, அவங்கல்லாம் வர்றாங்க"ன்னுச்சு. கொமில்லாவுல படிக்குற புள்ளைக்கு அகர்தலா பார்டரு கைக்கெட்டுற தூரம், உத்தராவுலருந்து அந்த பார்டர் செக்போஸ்ட்டு அகௌராவுக்கு போறதுன்னா ரொம்ப தூரம் ரோட்லயே போவணும். பக்கத்துல பார்டர் இருந்து, காலேஜே வண்டி புடிச்சு எஸ்கார்ட்டோட அனுப்புனா கெளம்பலாம். நம்மாளுக்கு அது ஒத்து வராது.

24 ஜூலை, புதன்

நேத்து ராத்திரி பிராட்பேண்ட் கொஞ்சமா வந்துச்சு, வாட்ஸப் இல்ல, மெயில்தான். இன்னிக்கு ஃபேக்டரி தெறந்துட்டாங்க. ஐஎஸ்டி போட்டு ரொம்ப நேரம் பேசுனேன், பில்லு எவ்ளோ வந்தா வரட்டும்.

கதைய கேளுங்க. அவங்க வூட்டு கரண்டு ப்ரீபெய்டு மீட்டரு, மொபைல்ல காசு போட்டு ரீசார்ஜ் பண்றது. நெட்டு போனா அந்தக் காசு போடுற ஆப்பு பிகாஷ் போச்சு, ரீசார்ஜ் போச்சு, கரண்ட் ஆபீஸ் வாசல்ல ஆளுங்க கிலோமீட்டர் கணக்கா க்யூல நின்னுருக்காங்க. இவங்க ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு, மூணு பேரும் ஒரே ஃபேன் கீழ படுத்துக்கினு, மீட்டர்ல மிச்சம் எவ்ளோ காட்டுதுன்னு மாத்தி மாத்தி போயி பாத்துருக்கானுங்க, கடைசியில செவப்பு லைட்டு மின்னுற வரைக்கும் வந்துருச்சாம். கேட்ல இருக்குற தரோவான், அதான் வாட்ச்மேன், பெரியவருதான் மொத நாளே சொல்லிருக்காரு, மீட்டர்ல காசு ஏத்திக்க, டேங்க்ல தண்ணி இருக்கும்போதே பக்கெட் ரொப்பிக்கன்னு. ஏடிஎம்ல அன்னிக்கு எடுத்த கைக்காசு இல்லன்னா அரிசி வாங்கிருக்க முடியாது.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா ஜன்னல் பக்கமே போகாம நடுவுல இருக்குற பாசேஜ்ல பாய் போட்டு படுத்தாங்களாம். அங்க மொட்ட மாடியில நின்ன கொழந்தைங்க மேலயே குண்டு பாஞ்சிருக்கு. பால்கனியில நின்னு வேடிக்க பாக்காதன்னு சொல்றது சின்ன விஷயம் இல்லங்க.

31 ஜூலை

ஃபேஸ்புக், வாட்ஸப் இன்னிக்குதான் திறந்துச்சு. அம்மா வீடியோ கால்ல மூஞ்ச பாத்துச்சு. எளச்சுட்டான்.

5 ஆகஸ்ட், திங்கள்

நேத்து ஆடி அமாவாசை, அங்க ஒரே நாள்ல தொண்ணூறு பேருக்கு மேல செத்துட்டாங்க. மறுபடி கர்ஃப்யூ, மறுபடி நெட்டு கட்டு. இன்னிக்கு மத்தியானம் அங்க பிரதமரா இருந்த ஷேக் ஹசீனா ராஜினாமா பண்ணிட்டு நம்ம நாட்டுக்கே வந்து எறங்கிட்டாங்க. டாக்கா ஏர்போர்ட்ட சில மணி நேரம் மூடிட்டாங்க. நைட்டு ஒம்பதுக்கு ஒத்த ரிங்கு வந்துச்சு, நானும் அம்மாவும் ஒரே நேரத்துல போன புடிச்சோம்.

7 ஆகஸ்ட், புதன்

இப்பதான் எனக்கே பயம். ஜூலையில போலீஸ் இருந்துச்சு, இப்ப ஸ்டேஷன்ல ஆளே இல்ல. ராத்திரியில கொள்ளக்காரன் வர்றான்னு மசூதி மைக்ல சொல்றாங்களாம், தெருப்பசங்க கம்போட காவல் நிக்குறாங்க, பில்டிங்ல எல்லாரும் மொற வெச்சு முழிச்சிருக்காங்க. இந்தியான்னாலே கோவமா பேசுறவங்களும் இருக்காங்கன்னு தம்பி மொத தடவயா சொன்னான். அவன் வாயால "அக்கா, வந்துடுறேன்"ன்னான். சரி வாடான்னேன். நேத்து ராத்திரி ஏர் இந்தியா ஸ்பெஷல் ஃப்ளைட் போயி 205 பேர கூட்டியாந்துருச்சு, ரெகுலர் ஃப்ளைட்டும் ஓட ஆரம்பிச்சிருச்சு. கம்பெனி வண்டியில பகல் வெளிச்சத்துலதான் ஏர்போர்ட்டு போகணும், பாஸ்போர்ட் சட்ட உள்பாக்கெட்ல, டிக்கெட்ட பிரிண்ட் எடுத்து கையில, லக்கேஜ் ஒரே பைதான்னு பேசி முடிவு பண்ணோம்.

9 ஆகஸ்ட், வெள்ளி

கொல்கத்தா வழியா வந்துட்டான். திருப்பூர் பசங்களும் கூடவே வந்தாங்க, ராத்திரி எங்க வூட்லதான் சாப்பாடு, வஞ்சிரம் கொழம்பு. தரோவான் பெரியவர பத்தியே பேசிக்கினு இருந்தானுங்க. அவரு எங்கயும் போக முடியாது இல்ல.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கம்பெனி கூப்டுது. போகாதன்னு நான் சொல்லல, அந்த வேலைதான் இந்த வூட்டுக் கடன கட்டுது. ஆனா கேட்டுக்கினது இது. போனதும் ஹைகமிஷன்ல பேரு பதியணும், ஒரு மாச வாடகையளவு அந்த ஊரு காசு டக்காவும் கொஞ்சம் டாலரும் தனித்தனி எடத்துல வூட்ல இருக்கணும், மீட்டர் எப்பவும் ரொம்பியிருக்கணும், ரெண்டு கம்பெனி சிம்மு, பக்கத்து வூட்டு பெங்காலி குடும்பத்தோட லேண்ட்லைன் நம்பரு எனக்கு வேணும். கம்பெனிகிட்ட, பிரச்சன வந்தா வண்டியும் டிக்கெட்டும் யாரு பொறுப்புன்னு மெயில்லயே எழுதி வாங்கணும், வாய்ப்பேச்சு ஆவாது. அத நேத்து அனுப்பிட்டான், பதில் இன்னும் வரல. பதில் வந்தாதான் டிக்கெட்டு, அதுவும் தேதி மாத்துனா காசு புடிக்காத டிக்கெட்டா பாக்குறோம். அம்மா இன்னும் சரின்னு சொல்லல.