ஏலக்காய் டப்பாவுக்கு ஒரு படம் வாங்கியது

கம்பத்தில் நானும் என் தங்கையும் சின்னதாக ஏலக்காய் பாக்கெட் போட்டு விற்கிறோம். போன வருஷம் 100 கிராம் டப்பா போடலாம் என்று முடிவானபோது, முன்பக்கத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. டிசைன் செய்யும் தம்பி ஸ்டாக் படம் விற்கும் ஒரு தளத்திலிருந்து மாதிரிக்கு நாலைந்து எடுத்து வைத்தான். ஒன்றில் கறுப்பு ஏலக்காய். இன்னொன்றில் ஏதோ அலங்காரச் செடி, காய் உச்சியில் நிற்கிறது. தோட்டத்தில் கால் வைத்தவர்கள் யாரும் இதை ஏலக்காய் என்று சொல்ல மாட்டார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே போகும், ஆனால் பூவும் காயும் அடியில்தான், தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடும் சரத்தில். நம்மிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் போடியிலும் குமுளியிலும் இந்தக் காயைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் இந்தப் படத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம்தான் குமுளிக்காரர் ஒருவர் எடுத்த படம் கண்ணில் பட்டது. ஈர மண், ஒரு சரம், அதில் இரண்டு பூ. வெள்ளை இதழில் ஊதா ரேகைகள் நடுவிலிருந்து விரிந்து ஓடுவது வரை தெரிகிறது. பக்கத்தில் காய் கிள்ளும் ஒரு பெண்ணின் கையும், குனிந்த முகத்தில் பாதியும். மண்ணில் குப்புறப் படுத்தால் ஒழிய அந்தக் கோணம் கிடைக்காது. போன் செய்து, "சேட்டா, இந்தப் படம் என்ன விலை?" என்று கேட்டேன். நல்ல தமிழில் பதில் வந்தது: "படம் விக்கிறதில்லைம்மா. உபயோகிக்க அனுமதி தர்றேன். எதுல போடப் போறீங்க, எத்தனை டப்பா, எத்தனை வருஷம், எந்தெந்த ஊருக்குப் போகும், அதைச் சொல்லுங்க."

எனக்கு அது புதுசு. காசு கொடுத்தால் படம் நம்முடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். காசு கொடுத்து ஒருவரை வரவழைத்து நமக்காகவே எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை நமக்கு வரும். அவர் தன்பாட்டுக்கு எடுத்து வைத்திருக்கும் படத்தில் உரிமை அவருடையதுதான், நமக்குக் கிடைப்பது உபயோகிக்கும் அனுமதி மட்டும். அதிலும் எனக்கு மட்டும் என்றால் ஒரு விலை, மற்றவர்களுக்கும் கொடுப்பார் என்றால் ஒரு விலை. டப்பாவுக்கும் வெப்சைட்டுக்கும் 3 வருஷத்துக்கு 12,000 ரூபாய் கேட்டார். வேறு எந்த ஏலக்காய்க்காரருக்கும் தரக்கூடாது என்றால் இன்னும் 8,000. இரண்டு நாள் யோசித்து, அந்த 8,000-ஐயும் சேர்த்தே கொடுப்பது என்று முடிவு செய்தோம். பக்கத்துக் கடை டப்பாவிலும் இதே பூ இருந்தால் நாங்கள் இவ்வளவு தேடியதற்கு அர்த்தமில்லை.

அவர் அனுப்பிய கடிதம் நாலு வரிதான். எங்கள் கணக்கைப் பார்க்கும் அண்ணன் அதைப் படித்துவிட்டு, காலம் எங்கே, இடம் எங்கே என்று கேட்டார். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்வார்களாம். துபாயில் இருக்கும் சித்தி பையன் வழியாக அங்கே கொஞ்சம் அனுப்பும் யோசனை எங்களுக்கு இருந்தது. சேட்டனிடம் சொன்னதும் மறுப்பேதும் இல்லாமல் "இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், 3 வருஷம்" என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் பணம் வாங்க மட்டும் மறுத்தார். படத்தில் இருக்கும் அக்காவின் சம்மதம் அவரிடம் இல்லை. பத்திரிகையில் செய்தியோடு வருவது வேறு, ஒரு பொருளை விற்க ஒருத்தர் முகத்தைப் போடுவது வேறு, அவர் எழுதிக் கொடுக்காமல் தர மாட்டேன் என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, அச்சகத்தில் தேதி சொல்லியாகிவிட்டது. விசாரித்ததில் அந்த அக்கா நம்ம பக்கம்தான், விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேட்டனும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். போனை வாங்கி முகத்தைப் பார்க்காமல் கையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கறை பிடித்த கட்டை விரல், நகம் பாதி தேய்ந்திருந்தது. "காயைச் சரியாத்தான் கிள்ளியிருக்கேன், சரம் ஒடியலை" என்றார். அப்புறம் கேட்டார்: "நாளைக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா எடுத்துருவீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அச்சடித்த டப்பாவை என்ன செய்வது? பேசிப் பேசி, அவர் வேண்டாம் என்று சொன்னால் கையிருப்பு டப்பா தீர்ந்ததும் நிறுத்திவிடுவது, அடுத்த அச்சில் முகம் வராமல் வெட்டிக்கொள்வது என்று தமிழில் எழுதி, மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு நாங்கள் 3,000 கொடுத்தோம். சேட்டன் தன் பங்கிலிருந்து இன்னொரு 3,000 கொடுத்தார், அதை நான் கேட்கவே இல்லை.

அதன் பிறகு வந்தது சிவகாசி. படத்தை வாட்ஸப்பில் வாங்கி அப்படியே அனுப்பியிருந்தேன், அது 1,600 பிக்சலுக்குச் சுருங்கியிருந்தது. எங்கள் அட்டை 20 சென்டிமீட்டர், அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் கிட்டத்தட்ட 2,400 பிக்சல் வேண்டும். ஒரிஜினல் ஃபைலை டிரைவில் வாங்கிக் கொடுத்தேன். அச்சகம் முதலில் போட்டுக் காட்டும் மாதிரியில், அதாவது புரூஃபில், பச்சை மங்கி வந்தது. திரையில் தெரிகிற பச்சை நாலு கலர் மையில் அப்படியே வராது. அச்சகத்தில் கொஞ்சம் ஏற்றிவிடலாமா என்றார்கள். தன்னைக் கேட்காமல் நிறத்தை மாற்றக்கூடாது என்று கடிதத்தில் இருந்ததால் சேட்டனைக் கேட்டேன். மங்கலைச் சரிசெய்யும் அளவுக்குச் சம்மதித்தார், அதற்கு மேல் கூடாது என்றார். சாயம் போட்ட காய் சந்தையில் திரிகிற காலத்தில் டப்பாவிலேயே அந்தப் பச்சையைக் காட்டாதீங்க என்று அவர் சொன்னதில் எனக்கும் முழுச் சம்மதம்.

டப்பா வந்து நாலு மாதமாகிறது. கீழ் மடிப்பில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு ஐந்து டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒன்றைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார். இப்போது தங்கை அதே படத்தைக் கடை முன்னால் பேனராக வைக்கலாம் என்கிறாள். கடிதத்தில் டப்பாவும் வெப்சைட்டும்தான் இருக்கின்றன, பேனர் இல்லை. சேட்டனுக்கு நேற்று மெசேஜ் போட்டிருக்கிறேன், இந்த ஞாயிறு அக்காவையும் போய்க் கேட்க வேண்டும்.