மரம் குடிக்கும் நீரைக் கணக்கிட: காட்டு வறட்சி மாடலிங் படிக்க வருகிறவர்களுக்கு

காடும் வறட்சியும் என்று தலைப்பு எடுத்தவுடன் பலர் நேராகக் கோடிங்கில் இறங்கிவிடுகிறார்கள். முதுகலை ஆய்வுக்கு இதே துறையை எடுத்தவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. முதலில் கணினியை மூடிவிட்டு, மண்ணை ஒரு தொட்டியாக வைத்து நோட்டில் கணக்குப் போடுங்கள்.

வேருக்கு எட்டும் ஆழத்தில் 120 மி.மீ. நீர் இருக்கிறது, காடு நாளுக்கு 3 மி.மீ. எடுக்கிறது, மழை இல்லை என்று வைத்துக்கொள்வோம். (1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். இது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.) 40 நாளில் காலி என்று தோன்றும். ஆனால் மரங்கள் அதற்கு முன்பே கையைச் சுருக்கிக்கொள்ளும். பிரான்ஸில் உருவான பில்ஜூ மாடலில், எடுக்கக்கூடிய நீர் 40 சதவீதத்துக்குக் கீழே போனதும் நீராவிப்போக்கு குறையத் தொடங்கும். நம் கணக்கில் அது 24 நாள் கழித்து. இந்த வளைவைக் கையால் வரைந்து பார்த்தவருக்குப் பிறகு எந்த மாடலும் மிரட்டாது.

சரி, தொட்டிக் கணக்கு எங்கே கைவிடும்? எந்த மரம் சாகும் என்று கேட்கும்போது. இதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவைப் படியுங்கள். அங்கே பின்யான் பைனும் ஜூனிப்பரும் ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மண் காய்ந்தால் பைன் சுமார் மைனஸ் 2 மெகாபாஸ்கலிலேயே இலைத்துளைகளை மூடிவிடும். (மெகாபாஸ்கல் அழுத்தத்தின் அலகு. மரத்துக்குள் நீர் இழுபட்டு நிற்பதால் எண் மைனஸில் வரும்; வறட்சி கூடக்கூட மேலும் எதிர்மறையாகும்.) ஜூனிப்பர் மைனஸ் 6-ஐத் தாண்டியும் நீரை இழுத்துக்கொண்டிருக்கும். 2002-ஐ ஒட்டிய வறட்சியில் கூட்டம் கூட்டமாகச் செத்தது எது தெரியுமா? சிக்கனமான பைன்தான்! லாஸ் அலமோஸ் அருகே ஆய்வு நடந்த ஓரிடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. பட்டை வண்டுகளுக்கும் அதில் பங்குண்டு. இலைத்துளையை மூடியதால் உணவு தயாரிக்க முடியாமல் பட்டினியால் செத்ததா, நீரை மேலே கொண்டுபோகும் குழாய்த் திசுவான சைலத்தில் காற்றுக் குமிழ் அடைத்து நீரோட்டம் அறுந்து செத்ததா என்ற விவாதம் 2008-இல் மெக்டவலும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு சூடு பிடித்தது. வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் பி50. சைலம் தன் நீர் கடத்தும் திறனில் பாதியை இழக்கும் அழுத்தம் அது. 2012-இல் ஷோட்டும் சகாக்களும் 226 மர இனங்களைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 70 சதவீத இனங்கள் ஆபத்து எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்று தெரிந்தது. மழைக்காட்டு மரங்களும் இதற்கு விலக்கல்ல. எண்கள் எல்லாம் மைனஸில் வருவதால் 'அதிகம்', 'குறைவு' என்று எழுதாமல், 'மேலும் எதிர்மறை' என்றே எழுதிப் பழகுங்கள். இல்லையென்றால் படிக்கிறவர் குழம்புவார்.

மென்பொருள் என்றால், ஆர் என்ற நிரல் மொழியில் இயங்கும் மெட்ஃபேட் இலவசம். தொட்டிக் கணக்கு போன்ற எளிய கிரானியே முறை, மரத்துக்குள் நீரோட்டத்தையும் விரிவாகக் கணக்கிடும் ஸ்பெர்ரி முறை, ஷுரோ முறை மூன்றும் அதிலேயே இருக்கின்றன. எளியதில் தொடங்குங்கள். எடுத்தவுடன் ஸ்பெர்ரிக்குப் போனால் அளவுருக்களைத் தேடியே பருவம் முடிந்துவிடும்.

சாறு ஓட்டத் தரவை (தண்டு வழியே நீர் ஏறும் வேகத்தை அளந்த எண்களை) யாராவது கொடுத்தால் வாங்கியவுடன் நம்பிவிடாதீர்கள். தண்டில் செருகி வெப்பத்தைக் கொண்டு இதை அளக்கும் கிரானியே சென்சாரில் இரவில் ஓட்டம் பூஜ்யம் என்று வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். வறண்ட காற்று வீசும் இரவுகளில் மரம் சும்மா இருப்பதில்லை. அந்த ஒரு அனுமானம் பகல் எண்களையும் குறைத்துவிடும்.

மாடல் அளவீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்போது வருடம் முழுவதையும் ஒரே ஆர்-ஸ்கொயரில் (பொருத்தத்தைக் காட்டும் எண்ணில்) அடக்காதீர்கள். ஈரமான மாதங்களில் வெயிலும் காற்றின் வறட்சியும் தெரிந்தால் போதும், எந்த மாடலும் நன்றாகவே பொருந்தும். மழை நின்ற வாரங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்; அங்கே சறுக்கினால் அது வறட்சி மாடலே அல்ல.

வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் வரும் கேள்வி: "வேர் ஆழத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" பெரும்பாலான காடுகளில் அதை யாரும் தோண்டி அளந்ததில்லை. ஒரே ஆழத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடாமல், 1, 2, 4 மீட்டர் என்று வைத்து மூன்று முறை ஓட்டி, வறட்சி தொடங்கும் நாள் எவ்வளவு நகர்கிறது என்று ஒரே படத்தில் காட்டுங்கள். அந்தப் படத்தைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முடிவுகள் அத்தியாயத்திலேயே போடுங்கள்.