பத்தாவது முடித்த மகனை வேலைக்கு அனுப்ப ஆன மூன்று வருடங்கள்

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. லேசான வகை, சான்றிதழில் 50 சதவீதம். 2019-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை, சொல்வதை எழுதுபவர் உதவியோடும் கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தோடும் எழுதித் தேறினான். தெருவுக்கே இனிப்பு கொடுத்தோம். ஜூன் மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சீருடை போட்டுக் கிளம்பியபோதுதான் உறைத்தது, காலையில் எழுந்து இவன் போவதற்கு இனி ஓர் இடம் இல்லை என்று. அவனை எப்படி வேலைக்கு அனுப்பினீர்கள் என்று இதே நிலையில் இருக்கும் பெற்றோர் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தொழிற்பயிற்சிப் பிரிவில் சேர்த்தோம். மெழுகுவத்தி வார்ப்பது, காகித உறை ஒட்டுவது. அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் காகித உறை ஒட்ட ஆள் வேண்டும் என்று திருச்சியில் எந்தக் கடையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த வேலைக்காக இந்தப் பயிற்சி என்று சேர்க்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றது.

2021-இல் அவனுக்கு 18 முடிந்தது. அந்த வருடம் முழுக்கக் காகிதங்களோடு போனது. அரசு மருத்துவமனையில் மறுமதிப்பீடு, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும் என்று ஒரு கிளைக்குப் போனால், பாதுகாவலர் சான்றிதழ் கேட்டார்கள். 18 ஆகிவிட்டால், பெற்றவர்கள் என்பதாலேயே பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பித்தோம். கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. பிள்ளைக்கு 18 நெருங்கும்போதே இதைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். இருக்கிறது, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்தது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து 1 சதவீதம். போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அதற்காகக் காத்திருந்தால் அவன் வயதுதான் போகும் என்று முடிவு செய்தோம். தனியார் வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்கும் போனோம். ஒரு மேசையில் இருந்தவர் அவன் நடப்பதையும் பேசுவதையும் பார்த்து மகிழ்ந்தார். சான்றிதழைப் பார்த்ததும், "கால் ஊனம், காது கேட்காதவங்களைத்தான் எடுக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டார். அன்று வீடு வரும்வரை என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழி காட்டியவர் அவனுக்குப் பள்ளியில் உதவிய சிறப்பு ஆசிரியர். அவர் என்ன படித்திருக்கிறான் என்று கேட்கவே இல்லை. "வீட்டுல யாரும் சொல்லாம அவனா என்ன வேலை செய்றான்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மாதச் சாமான் வந்தால் பருப்பு, உளுந்து, கடலை எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி, உயர வாரியாக அடுக்கி வைப்பது அவன்தான். சிந்தவே மாட்டான். அப்படித்தான் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொட்டலம் போட ஆள் வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணாச்சி, "உன் பேர் என்ன தம்பி?" என்றார். நான் சொன்னேன். "எங்கேயிருந்து வர்றீங்க?" அதற்கும் நான்தான். ஆசிரியர் மெதுவாக என் கையைப் பிடித்து அழுத்தினார். 19 வருடமாக அவனுக்குப் பதில் நானே பேசி வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது. பத்து நாள் பழகட்டும், பதினோராம் நாள் முதல் சம்பளம் என்று ஆசிரியர் பேசி முடித்தார். நாள் குறிக்காத பயிற்சிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சம்பளமில்லாத வேலையாகவே நீண்டுவிடும்.

தராசில் எண் படிப்பது அவனுக்குத் தடுமாற்றம். அரைக் கிலோ பொட்டலத்துக்காக ஆசிரியர் ஓர் அட்டையில் 0.500 என்று பெரிதாக எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டினார். தராசில் தெரிவதும் அட்டையில் இருப்பதும் ஒரே மாதிரி வரும்வரை பருப்பைக் கூட்டுவான், குறைப்பான். சீல் போடும் இயந்திரத்தில் கை வைக்கக்கூடாத இடத்தில் சிவப்பு டேப். இரண்டே நாளில் வேலை வந்துவிட்டது.

வராமல் போனது வேறு. மூட்டை காலியானால் அப்படியே கையைக் கட்டி உட்கார்ந்துவிடுவான். மதியம்வரைகூட உட்கார்ந்திருந்தான். வேலை செய்யத் தெரியாதவன் என்று கடையில் நினைத்தார்கள். கேட்கத் தெரியாதவனாக அவனை வளர்த்தது நான். வீட்டில் அவன் கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் தட்டில் சாம்பார் தீர்ந்தாலும் அவன் வாய் திறந்து கேட்கும்வரை ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சாதாரணக் கஷ்டமில்லை. எட்டாம் நாள், "அக்கா, பருப்பு தீர்ந்துடுச்சு" என்று அங்கிருந்த மேற்பார்வைப் பெண்ணிடம் தானே போய்ச் சொன்னான். அண்ணாச்சி அன்றைக்கே வேலையை உறுதி செய்தார்.

பஸ் பழக்க ஒரு மாதம் ஆனது. ஸ்ரீரங்கத்தில் ஏறி சத்திரத்தில் இறங்க வேண்டும். முதல் வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அடுத்த வாரம் பின் இருக்கையில், பிறகு ஏற்றிவிடுவதோடு நிறுத்திக்கொண்டேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் உடன் வருபவருக்கும் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி. காவிரிப் பாலம் தாண்டியதும் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். 2022-இல் பாலத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கி, பேருந்துகள் சுற்றிப் போனபோது பழகிய பாலம் வரவில்லை. பயந்து நடுவழியில் இறங்கிவிட்டான். அந்த முதல் நாள் நான் கூடப் போயிருக்க வேண்டும். ஆனால் அவன் அழுதுகொண்டு நிற்கவில்லை. ஒரு டீக்கடைக்காரரிடம் போய், பையில் இருந்த எண்ணைக் காட்டி, "அம்மாவுக்கு போன் பண்ணணும்" என்று கேட்டிருக்கிறான். பஸ் பழக்கத்தை மட்டும் எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறான். போன மாதம் 200 கிராம் பொட்டலமும் போடச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்ததும் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கேட்டு வாங்கி, 0.200 என்று அவனே எழுதி எடுத்துப் போனான்.