ரியோவில் ரங்கமணியும் பலாமரங்களும்

ரியோ டி ஜெனிரோ போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "கார்னிவலுக்கா?" இல்லை. கார்னிவல் பிப்ரவரி, மார்ச் சமாச்சாரம். எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது டிசம்பரில். அங்கே அது கோடை ஆரம்பம். சென்னையில் ஸ்வெட்டரைப் பற்றி யோசிக்கிற நேரத்தில், கிறிஸ்துமஸ் தோரணங்களுக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டு நடந்தோம்.

சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து ரியோ. இரண்டாவது விமானத்தில் மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ரங்கமணி லேப்டாப்பில் ஊர் சுற்றும் அட்டவணையைக் கடைசி முறையாகச் சரிபார்த்தார். காலை எட்டுக்கு எங்கே, பத்துக்கு எங்கே, எல்லாம் நிறம் நிறமாக. நான் மரம் பார்க்கிற கோஷ்டி. மலை, சிலை, மியூசியம் எதுவானாலும் போகிற வழியில் என்ன நிழல் இருக்கிறது என்றுதான் என் கண் போகும். இது தெரிந்தும் அவர் அட்டவணை போடுகிறார் என்றால், திருமணத்தில் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அட்டவணையின் முதல் வரி கொர்கொவாடோ மலை, அதாவது உலகமே போட்டோவில் பார்த்திருக்கும் மீட்பர் கிறிஸ்து சிலை. கோஸ்மே வேல்யோ என்ற பகுதியிலிருந்து பல்சக்கர ரயில் கிளம்புகிறது. 1884-ல் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ காலத்தில் ஓடத் தொடங்கியது. சிலை திறக்கப்பட்டது 1931 அக்டோபரில். சிலை செய்யத் தேவையான பொருட்களை மேலே ஏற்றியதே இந்த ரயில்தான். ஏறும்போது வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான் தெரியும்.

நான் இடது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்துக்கு ஒரு கை தூரத்தில் காடு. மூங்கில், பெரணி, பெயர் தெரியாத கொடிகள். அவற்றுக்கு நடுவே அடிமரத்தில் கொத்தாகப் பிஞ்சு தொங்க ஒரு மரம்.

"ஏங்க, அங்க பாருங்க, பலா!"

"பலாவைப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? பண்ருட்டிக்குப் பஸ் ஏறியிருந்தா டிக்கெட் காசு மிச்சமாயிருக்கும்."

சொல்லிவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார். அடுத்த திருப்பத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இரண்டு.

இந்தக் காட்டுக்குத் திஜுகா என்று பெயர். நகரத்துக்கு நடுவே இவ்வளவு பெரிய காடு எப்படித் தப்பித்தது என்று வியக்கிறோம், ஆனால் இது தப்பித்த காடு இல்லை. காப்பித் தோட்டங்களுக்காக இந்த மலைகளை மொட்டையடித்திருந்தார்கள். மரம் போனதும் ஓடைகள் வற்றின, ஊருக்குக் குடிதண்ணீர் தட்டுப்பாடு வந்தது. 1861-ல் பேரரசர் உத்தரவு போட, மனுவேல் கோமிஸ் ஆர்ச்சர் என்ற மேஜர் மறுபடி மரம் நடும் வேலையைத் தொடங்கினார். 13 ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்கள். குழி வெட்டி நட்டது மேஜர் அல்ல, அவரிடம் கொடுக்கப்பட்ட அடிமைகள். பலா இந்த மண்ணின் மரம் இல்லை. போர்த்துகீசியக் கப்பல்களில் ஆசியாவிலிருந்து வந்து, சீக்கிரம் வளர்கிறது என்பதால் இங்கேயே ஊன்றிவிட்டது. இப்போது மண்ணின் மரங்களை வளரவிடாமல் செய்கிறது என்று பூங்கா நிர்வாகம் அதை ஆக்கிரமிப்பு மரமாகக் கணக்கில் வைத்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேலே போனால் மேகம். எழுநூறு மீட்டருக்கு மேல் உயரம், கடல் காற்று, கேட்கவா வேண்டும். 8 மீட்டர் பீடமும் பாதமும் தெரிந்தன, 30 மீட்டர் சிலையில் மற்றதெல்லாம் வெள்ளை. கூட்டம் மொத்தமும் தலையை நிமிர்த்திக் காத்திருந்தது. திடீரென்று ஒரு கை மட்டும் வெளியே வந்தது, எல்லாரும் கத்தினார்கள். அப்புறம் முகம். அடுத்த நொடி மறுபடி மூடிக்கொண்டது. கேமராவுக்குச் சிலை முழுசாக அடங்க வேண்டும் என்று தரையில் மல்லாக்கப் படுத்திருந்த ஆட்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க முடிந்தது.

கான்கிரீட் உடம்பின் மேல் ஒட்டியிருப்பது சின்னச் சின்ன முக்கோண மாக்கல் சில்லுகள். நம் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல்தான். ஒட்டுவதற்கு முன் சில்லுகளைத் துணியில் வரிசையாகப் பதித்துக் கொடுத்தது ரியோவின் பெண்கள். சிலர் சில்லின் பின்பக்கம் வேண்டியவர்களின் பெயரை எழுதி வைத்தார்களாம். இத்தனை கூட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் அது ஒன்றுதான். சிலையைப் பார்க்க நல்ல இடம் மேலே அல்ல, கீழே. ஊரில் எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அவர் நிற்பார்.

மேலேறுவதற்கு ஒன்றே ஒன்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் சுகர்லோஃப் மலையைத்தான் சொல்வேன். பிரயா வெர்மேல்யா கடற்கரையிலிருந்து கேபிள் கார். முதலில் 220 மீட்டர் உர்கா குன்று, அங்கிருந்து 396 மீட்டர் உச்சி. முதல் கட்டம் 1912-லும் இரண்டாவது 1913-லும் ஓடத் தொடங்கின. மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். குவானபாரா விரிகுடாவில் படகுகள் புள்ளி புள்ளியாக நிற்க, சாந்தோஸ் துமோன் விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நம் காலுக்குக் கீழே திரும்பி இறங்கும். விமானத்தின் முதுகை அதுவரை நான் பார்த்ததில்லை. உர்கா குன்றின் மரங்களில் ஒரு சாண் நீளக் குரங்குகள் ஓடின. ரங்கமணி அட்டவணையை மறந்து அவற்றின் பின்னால் போனார். நான் எதுவும் சொல்லவில்லை.

இறங்கி நடந்தால் உர்கா பகுதி. தண்ணீரை ஒட்டி நீளமாக ஒரு கைப்பிடிச் சுவர். சாயங்காலம் ஆனால் ஊர்க்காரர்கள் எதிர்க்கடையில் பொரித்த தின்பண்டமும் பீரும் வாங்கிக்கொண்டு வந்து சுவரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, கிளம்பு என்று யாரும் சொல்வதும் கிடையாது.

கோபகபானாவுக்கு வருவோம். நாலு கிலோமீட்டர் கடற்கரை, ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கற்களை அலை அலையாகப் பதித்த நடைபாதை. போர்த்துகல் பாணி. நடுத்திட்டிலும் கட்டடங்களின் பக்கமும் உள்ள பெரிய கோலங்கள் எழுபதுகளில் தோட்டக்கலைஞர் பூர்லே மார்க்ஸ் வரைந்தவை. அங்கங்கே நிழல் தருவது எது என்று பார்த்தால் நாட்டு வாதுமை! பள்ளி மைதானத்தில் கல்லால் கொட்டை உடைத்துத் தின்போமே, அதே மரம். பக்கத்தில் தென்னை. அதுவும் போர்த்துகீசியர் கொண்டு வந்ததுதான். ஊர்க்காரர்கள் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் தெருப் பெயர் சொல்வதில்லை, உயிர்காப்பாளர் கோபுரத்தின் எண்ணைச் சொல்கிறார்கள். போஸ்ட்டோ 5, போஸ்ட்டோ 9 என்று.

என் பெரிய கவலை உடை. நீச்சலுடை என்ற பெயரில் அங்கே போடுவது எவ்வளவு துணி என்று உங்களுக்குத் தெரியும். நான் முழங்கால் வரை குர்த்தா, ரங்கமணி முழு பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபது வயதுப் பாட்டி பிகினியில் பேரனோடு மணல் தோண்டினார், அவரையும் யாரும் பார்க்கவில்லை. வயிறு, தழும்பு, சுருக்கம் எல்லாம் வெயிலில் காய்ந்தன. ஆண்கள் ஜட்டி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்கும் போகிறார்கள், பஸ்ஸுக்கும் காத்திருக்கிறார்கள். அதை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். ரங்கமணி பேச்சை மாற்றினார்.

நாற்காலியும் குடையும் வாடகைக்குக் கிடைக்கும். உட்கார்ந்துவிட்டால் வேண்டியதெல்லாம் நம்மைத் தேடி வரும். சுட்ட பாலாடைக்கட்டி விற்பவர் கையில் கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். மாட்டே என்ற தென்னமெரிக்க இலை டீ விற்பவர்தான் என் ஹீரோ. தோளுக்கு ஒன்றாக இரண்டு தகர டிரம். ஒன்றில் குளிர்ந்த மாட்டே டீ, இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு. குனியாமல், டிரம்மைக் கீழே வைக்காமல், குழாயைத் திறந்து ஒரு கப்பில் இரண்டையும் நாம் கேட்ட அளவுக்குக் கலக்குகிறார். ஒரு மடக்கு குடித்ததும் கப்பை நீட்டச் சொல்லி மறுபடி விளிம்பு வரை ஊற்றினார். கொசுறு! கோயம்பேடு வரை தேடினாலும் இப்போதெல்லாம் கிடைக்காத மரியாதை. கூடவே வளையம் வளையமாகப் பொரி போன்ற மரவள்ளி பிஸ்கட், குளோபோ என்று பெயர். வாயில் போட்டால் காற்றுதான், ஆனாலும் பாக்கெட் காலியாகிறது.

தண்ணீர் நினைத்ததைவிடக் குளிர். அலையும் பலம். சிவப்புக் கொடி பறந்தால் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புத்தாண்டு இரவுக்காக மணலில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று ஊரே வெள்ளை உடுத்தி வந்து, ஆப்பிரிக்க வழிவந்த கடல் தாய் இயெமாஞ்சாவுக்கு அலையில் பூ விடும். எங்கள் டிக்கெட் அதற்கு முந்தையது. ஆர்ப்போடோர் பாறையில் சூரிய அஸ்தமனம் மட்டும் வாய்த்தது. சூரியன் மறைந்ததும் பாறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். கச்சேரி முடிந்தாற்போல் நானும் தட்டினேன்.

லாப்பா பக்கம் செலரோன் படிக்கட்டு. சிலி நாட்டிலிருந்து வந்த ஹோர்ஹே செலரோன் 1990-ல் தன் வீட்டு வாசற்படிக்கு ஓடு பதிக்கத் தொடங்கி, 2013-ல் இறக்கும்வரை நிறுத்தவே இல்லை. 215 படிகள், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஓடுகள். பல ஓடுகளில் ஒரே கர்ப்பிணிப் பெண்ணை வரைந்திருக்கிறார். படம் எடுக்க வரிசை நிற்கிறது. காலையிலேயே போய்விட்டு, சாந்தா தெரேசாவுக்கு மஞ்சள் டிராமில் ஏறுங்கள். பழைய நீர்ப்பாலத்தின் மேல் ஓடுகிறது.

துறைமுகப் பகுதியில் 2015-ல் திறந்த நாளைய அருங்காட்சியகம் வெள்ளையாக, முள்ளெலும்பு போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாசலில் நல்ல கூட்டம். கொஞ்சம் நடந்தால் வலோங்கோ துறை. அங்கே யாருமில்லை. பள்ளத்தில் கரடுமுரடான கல் தளம், சுற்றி ஒரு தடுப்பு, ஒரு பலகை, அவ்வளவே. 1811-ல் போட்ட அந்தத் தளத்தில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1843-ல் பேரரசி வந்து இறங்குகிறார் என்று அதன்மேல் அழகான கற்களைப் பரப்பினார்கள். பிறகு அதையும் மண் போட்டு மூடினார்கள். 2011-ல் ஒலிம்பிக்ஸுக்காகத் துறைமுகத்தைச் சீரமைக்கத் தோண்டியபோது இரண்டு தளங்களும் வெளிவந்தன. 2017-ல் யுனெஸ்கோ பட்டியல். திஜுகா காட்டில் குழி வெட்டியவர்களில் எத்தனை பேரோ, அல்லது அவர்களைப் பெற்றவர்களோ, இந்தக் கல்லில்தான் முதலில் கால் வைத்திருப்பார்கள். ரங்கமணி போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அட்டவணையில் இந்த இடத்துக்கு கால் மணி நேரம்தான் போட்டிருந்தது, கிளம்பலாம் என்று அவர் சொல்லவில்லை.

தாவரவியல் பூங்கா என் பங்கு. நெப்போலியனுக்குப் பயந்து போர்த்துகல் அரசவை மொத்தமும் 1808-ல் ரியோவுக்கு ஓடி வந்தது. வந்த வருடமே தொடங்கிய தோட்டம் இது. மிளகு, பட்டை போன்ற கீழைநாட்டுச் சரக்குகளை இங்கேயே விளைவிக்க முடியுமா என்று பார்ப்பதற்கு. இரு பக்கமும் வானம் முட்டும் பனை வகை மரங்களின் நடைபாதையில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பட்டை மரத்தின் இலையை நசுக்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல்கள் ஒருவழிப் பாதையில் போகவில்லை. நம் முந்திரியும் மரவள்ளியும் இந்த நாட்டிலிருந்து போர்த்துகீசியக் கப்பல்களில் வந்தவைதான். மரவள்ளி வராமல் இருந்திருந்தால் சேலத்து ஜவ்வரிசி ஏது?

அந்த மரவள்ளியின் முழு வீச்சைத் தெருக்கடையில் பார்க்கலாம். ஈர மாவைச் சல்லடையில் தேய்த்து, காய்ந்த கல்லில் தூவுகிறார்கள். எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை. அரை நிமிடத்தில் அதுவே ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தோசையாகிறது. உள்ளே தேங்காய்த் துருவலும் கெட்டிப் பாலும் வைத்து மடித்துத் தருகிறார்கள். ரங்கமணி சைவம். பிரேசிலில் பட்டினிதான் என்று புளிக்காய்ச்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தோம், தேவைப்படவே இல்லை. எடைச் சாப்பாட்டுக் கடைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. தட்டில் வேண்டியதை எடுத்து, தராசில் வைத்து, எடைக்குக் காசு. சோறு, கீரை, வறுத்த மரவள்ளி மாவு, பொரித்த வாழைப்பழம். கறுப்பு பீன்ஸில் மட்டும் பன்றிக்கறி சேர்ந்திருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள்.

பத்திரமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். தெருவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு வழி தேடாதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள். நகை வேண்டாம். கடலில் இறங்கும்போது ஒருவர் கரையில் இருங்கள். இருட்டிய பிறகு நடக்காமல் ஆப் டாக்ஸி. ஞாயிற்றுக்கிழமை நகர மையம் வெறிச்சோடிவிடும், அன்று கடற்கரைச் சாலைக்குப் போங்கள். வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களுக்கு விட்டுவிடுகிறார்கள். மெட்ரோ ரயில் சுத்தம், சுலபம்.

விசாவுக்கு அலைகிற அவசரத்தில் பலரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். காய்ச்சல் இங்கே இல்லை, அதைப் பரப்பக்கூடிய கொசு இருக்கிறது, அதனால்தான் இந்தக் கெடுபிடி. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகத்தைப் பெட்டிக்குள் திணிக்காமல் கைப்பையில் வையுங்கள். சென்னையில் இறங்கியதும் இமிக்ரேஷனுக்கு முன்பே கேட்டார்கள்.